பழைய காதலரைத் திருமலையில் சந்திக்கப் போகிறவர்களுக்கு

ரொறன்ரோவில் ஒருவர், லண்டனில் மற்றவர். இடையில் இருபது இருபத்தைந்து வருடம், ஒரு விவாகரத்து, அல்லது ஒரு சாவு வீடு. யாரோ ஒரு வகுப்புத்தோழர் இருவரையும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட, "எப்படி இருக்கிறீங்கள்?" என்று தொடங்கிய கதை "இந்த முறை ஊருக்கு வாறீங்களோ?" என்பதுவரை வந்து நிற்கும். அந்த ஊர் திருகோணமலை என்றால் மேலே படியுங்கள். இருவரும் இன்றைக்குத் தனி ஆட்கள் என்பது முதல் நிபந்தனை. அது இல்லையென்றால் கீழே சொல்லும் எதுவும் உங்களுக்கு உதவாது.

மாதம் முக்கியம். மே முதல் செப்டெம்பர் வரை கிழக்குக் கடல் அடங்கிக் கிடக்கும். ஒக்டோபர் கடைசியில் வாடை தொடங்கினால் ஜனவரி வரை மழை, அலை. படகு ஓடாது, அறைக்குள் முடங்க வேண்டிவரும். அறைக்குள் முடங்குவதுதான் இந்தச் சந்திப்பில் தவிர்க்க வேண்டிய முதல் விஷயம். யூலை, ஓகஸ்ட் மாதங்களில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை என்பதால் உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைகள் முழுக்க நமது சனம்தான். யாரும் பார்க்கக்கூடாது என்றால் மே நல்லது. வெயில் கொதிக்கும், கச்சான் காற்று முகத்தைச் சுடும், ஆனால் மாமி மச்சாள்மார் குறைவு.

கட்டுநாயக்காவிலிருந்து கொழும்புக்குள் போகாமல் குருநாகல், தம்புள்ளை, ஹபரணை வழியாக வந்தால் வாகனத்தில் ஐந்தாறு மணித்தியாலம். கொழும்பில் வேலை இருப்பவர் கோட்டை ரயில் நிலையத்திலிருந்து இரவு ரயிலை நம்பலாம். மழைக்குப் பிறகு பாதை பழுதாவதுண்டு. ஓடுகிறதா என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே வாகனத்தில் சேர்ந்து வர மட்டும் திட்டமிடாதீர்கள். இத்தனை வருடத்துக்குப் பிறகு முதல் ஐந்து மணித்தியாலத்தைச் சாரதியின் காதுக்கு முன்னால் பேசிக் கழிப்பது வீண்.

தங்குவதும் தனித்தனியாகவே. ஒருவர் நகரத்துக்குள், மற்றவர் ஐந்தாறு கிலோமீற்றர் வடக்கே உப்புவெளியில். ஓட்டோவில் கால் மணிநேரத் தூரம்தான். இதில் ஒழுக்கம் மட்டுமல்ல, வசதியும் இருக்கிறது. மனம் சரிவராவிட்டால் எழுந்து போக இருவருக்கும் ஓர் இடம் வேண்டும். மலிவான லொட்ஜ்களில் அடையாள அட்டை, கடவுச்சீட்டு கேட்டுக் குடும்பப் பெயரை ஒப்பிட்டுப் பார்க்கும் பார்வையும் இதனால் மிச்சம்.

முதல் சந்திப்புக்கு நேரம்: மாலை ஐந்து மணி. கணக்கு எளிது. கோடையில் இலங்கையின் ஐந்து மணி ரொறன்ரோவில் காலை ஏழரை, லண்டனில் பகல் பன்னிரண்டரை. உடம்பு இன்னும் அங்கத்தைய நேரத்தில் இருந்தாலும் இருவரும் விழித்திருப்பார்கள். பகல் சாப்பாட்டுக்குச் சந்திக்கிறோம் என்று ஏற்பாடு செய்தால், கனடாக்காரருக்கு அது பின்னிரவு மூன்று மணி. மீன்குழம்புக்கு முன்னால் கண் சொருகும். எதிரே இருப்பவர் அதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்வார். பல சந்திப்புகள் இப்படி நித்திரையால் கெட்டிருக்கின்றன. மனம் கெட்டதாக நினைத்துக்கொண்டு பிரிந்துபோகிறார்கள்.

இடம் டச்சு பே கடற்கரை. கிழக்குக் கரை என்பதால் சூரியன் முதுகுப் பக்கம் இறங்கிவிடும், ஐந்தரைக்கு மணல் ஆறிவிடும். குடும்பங்கள், கச்சான் விற்பவர், பந்தடிக்கும் பிள்ளைகள் என்று சனம் இருக்கும், ஆனால் நடக்க நீளமும் இருக்கிறது. நடந்துகொண்டு பேசுவதில் ஒரு பெரிய நன்மை, முகத்தை முகம் பார்த்துக்கொண்டே இருக்கத் தேவையில்லை. நரையைப் பார்க்க வேண்டியவர் பக்கத்தில் நடந்தபடி பார்த்துக்கொள்ளட்டும். ஒன்றரை மணித்தியாலம் போதும். இறால் வடையும் பிளேன் ரீயும் குடித்து முடிந்ததும் அவரவர் ஓட்டோவில் ஏறிவிடுங்கள். இரவுச் சாப்பாட்டுக்கு நீட்டினால், "அன்றைக்கு நீங்கள் ஏன் கடிதம் போடவில்லை?" என்ற கேள்வி பசியிலும் களைப்பிலும் வந்து விழும். அந்தக் கேள்விக்கு மறுநாள் காலைதான் உகந்தது.

மறுநாள் காலை ஆறரைக்குக் கோணேசர் கோயில். பிரட்ரிக் கோட்டை வாசலால் நுழைந்து மேலே ஏற வேண்டும். உள்ளே இராணுவம் இருக்கிறது, படம் எடுக்கும் இடத்தைப் பார்த்து எடுங்கள். எட்டரைக்குப் பிறகு வெறுங்காலில் கல் சுடத் தொடங்கும், அதனால்தான் ஆறரை. கோட்டைக்குள் புள்ளிமான்கள் பயமில்லாமல் திரியும். அர்ச்சனைத் தட்டில் வாழைப்பழம் தெரிந்தால் பின்னாலேயே வந்து பையை இழுக்கும், பொலித்தீனையும் சேர்த்துத் தின்னும். பையை மார்போடு அணைத்துப் பிடியுங்கள்.

அர்ச்சனைத் தட்டு வாங்கும் கடையிலேயே ஒரு முடிவு எடுக்க வேண்டும்: ஒரு தட்டா, இரண்டா? ஒரே தட்டு என்றால் ஐயர் இரண்டு பேரின் பெயரையும் நட்சத்திரத்தையும் சேர்த்துச் சத்தமாகச் சொல்வார், சுற்றி நிற்கும் சனம் கேட்கும். இரண்டு தட்டு என்பது எங்கள் பரிந்துரை. ஆனால் ஐயர் கேட்கும்போது, ஒருவரின் நட்சத்திரத்தை மற்றவர் முந்திக்கொண்டு சொல்லிவிடுவதுண்டு. அதற்கு எந்தத் திட்டமும் உதவாது.

சம்பந்தர் பாடிய தலம் இது. 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசர் இடித்து, அந்தக் கல்லைக் கோட்டைக்கு எடுத்தார்கள். இன்றைய கோயிலின் குடமுழுக்கு 1963இல். பக்கத்தில் இராவணன் வெட்டு, செங்குத்தாகக் கடலுக்குள் இறங்கும் பாறை. அங்கேதான் ஒல்லாந்துப் பெண் பிரான்சினா வான் ரீடின் கதையும் நிற்கிறது. காதலன் கப்பலேறிப் போவதைப் பார்த்து அவள் குதித்துவிட்டாள் என்பார்கள். 1687 என்று பொறித்த தூணும் இருக்கிறது. அந்த ஆண்டுக்குப் பிறகும் அவள் உயிரோடிருந்து கலியாணம் செய்தாள் என்று பழைய ஆவணங்களைப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். வழிகாட்டிகள் குதித்த கதையைத்தான் சொல்வார்கள், அதற்குத்தான் காசு. கப்பல் போன பிறகு ஒருத்தி எப்படி வாழ்ந்தாள் என்பதை நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளுங்கள். கடிதக் கேள்விக்கு இதைவிட நல்ல வாசல் கிடைக்காது. கடலோர மரத்தில் பிள்ளை வரம் கேட்டுக் கட்டிய சின்னத் தொட்டில்கள் தொங்கும். அதன் கீழ் நின்று படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போடாதீர்கள்.

கன்னியா வெந்நீரூற்றைப் பலர் பட்டியலில் சேர்க்கிறார்கள். நகரத்திலிருந்து எட்டுக் கிலோமீற்றர் அளவு, ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் வேறு, வாளியால் அள்ளிக் குளிக்க வேண்டும். ஆனால் அது இறந்தவருக்கு அந்தியேட்டிக் கிரியை செய்ய வரும் இடமும்கூட. ஒருவர் துணையை இழந்தவர் என்றால் முன்கூட்டிக் கேட்டுவிட்டுப் போங்கள். அவர் தனியாகப் போக விரும்பலாம்.

புறாமலையை மூன்றாம் நாளுக்கு வையுங்கள். நிலாவெளியிலிருந்து கடலில் ஒரு கிலோமீற்றர்தான்; 2003இல் தேசியப் பூங்காவாக்கிய தீவு. நுழைவுச்சீட்டில் வெளிநாட்டவருக்கு ஒரு விலை, இலங்கையருக்கு ஒரு விலை. இரட்டைக் குடியுரிமை உள்ளவர் தேசிய அடையாள அட்டையைக் கொண்டுவாருங்கள். ஒருவருக்கு உள்ளூர் விலையும் மற்றவருக்கு டொலர் விலையும் விழும்போது யார் கொடுப்பது என்ற இழுபறி வரும். அதைக் கரையிலேயே பேசி முடியுங்கள். காலை ஏழுக்குள் படகேறினால் தண்ணீர் கண்ணாடி மாதிரி. பத்து மணிக்குப் பிறகு சனமும் காற்றும். முருகைக்கல் (பவளப்பாறை) துண்டு காலைக் கிழிக்கும், ரப்பர் செருப்பு வேண்டும். வெயிலுக்கு கிறீம் பூசுவதைவிட நீளக் கைச் சட்டை முருகைக்கும் நல்லது. முருகையையும் மீனையும் பார்க்க மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டி நீந்தும்போது, மீசை வைத்திருப்பவரின் மாஸ்க்குக்குள் தண்ணீர் கசியும். மேலுதட்டில் கொஞ்சம் வசலின் தடவினால் அடைபடும். வாயில் குழாயை வைத்துக்கொண்டு பேச முடியாது என்பதால்தான் இது மூன்றாம் நாள்: பேச வேண்டியது கொஞ்சமாவது முடிந்திருக்க வேண்டும், மௌனம் அப்போது பாரமாக இருக்காது.

கடைசி மாலை உள்துறைமுகப் பக்கம் போங்கள், சூரியன் தண்ணீருக்கு மேலே இறங்குவதை அங்கேதான் பார்க்கலாம். அங்கே பேசவேண்டியவை காரியங்கள்: யார் எந்த நாட்டுக்கு இடம் மாறுவது, வளர்ந்த பிள்ளைகளுக்கு எப்போது சொல்வது, ஓய்வூதியம், வீட்டுக் கடன். விவாகரத்து இலங்கை நீதிமன்றத்தில் நடந்திருந்தால் இடைக்காலத் தீர்ப்போடு நின்றுவிடாமல், மூன்று மாதத்துக்குப் பின் வரும் முடிவான தீர்ப்பின் பிரதி கையில் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் பதிவுத் திருமணம் நகராது. இந்தக் கடுதாசியை எடுக்காமலே பிளேன் ஏறியவர்கள் நிறைய.

அதோடு, அன்றிரவே அக்காவுக்கோ தம்பிக்கோ நீங்களே ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். டச்சு பேயில் வடை விற்றவரின் மருமகள் உங்கள் சின்னம்மாவின் பக்கத்து வீடாக இருக்க வாய்ப்பு அதிகம்.