பாலமோர் மழையும் கடைவரம்பு வயலும்

குமரி மாவட்டத்தில் மழைக்காலம் தொடங்கிவிட்டால் நாளிதழ்களில் ஒரு பட்டியல் தவறாமல் வரும். பாலமோர், சுருளோடு, பூதப்பாண்டி, கொட்டாரம், ஆரல்வாய்மொழி, கோழிப்போர்விளை, முள்ளங்கினாவிளை என ஊர்வாரியாக மழையளவும், பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் நீர்மட்டமும் அதில் இருக்கும். ஊராட்சிகளுக்கான காலநிலைத் தகவல்களைத் திரட்டும் பணியில் சேர்ந்தபோது என் கைக்கு முதலில் வந்த தரவு இதுதான். இன்றளவும் நான் பெரிதும் மதிப்பதும் இதையே. வெறும் 1,672 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மாவட்டத்தில், மலையோரப் பாலமோரில் மழை கொட்டித் தீர்க்கும் அதே நாளில் கணவாய்க் காற்று வீசும் ஆரல்வாய்மொழியில் தூறலோடு நின்றுவிடுவதும் உண்டு. மாவட்டச் சராசரியில் இந்த வேறுபாடு முழுவதும் மறைந்துபோகும்.

ஆனால், திட்ட அறிக்கைகள் கேட்பது அந்தச் சராசரியைத்தான். தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் பெறும் மாவட்டம் என்பதால், அதைப் பார்ப்பவர்கள் இங்கு தண்ணீர்ப் பிரச்சினையே இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். கும்பப்பூ எனப்படும் இரண்டாம் போக நெல்லின் நடவு தள்ளிப்போயிருந்த ஓர் ஏலாவில் (வயற்பரப்பில்) நாங்கள் படிவத்தோடு நின்றபோது, வரப்பில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், "மக்கா, ஒங்க கணக்குல அணை நெறஞ்சு கெடக்கு, எனக்க வயலுக்குத் தண்ணி வரல்லியே" என்றார். அணை நிறைந்திருந்ததும் உண்மை. கிளைக்கால்வாய் தூர்ந்து, புல் மண்டிக் கிடந்ததும் உண்மை. எனவே, 'பாசன வசதி உண்டா, இல்லையா' என்ற கேள்வியை நீக்கிவிட்டு, அணை திறந்த நாளிலிருந்து, கால்வாயின் கடைக்கோடியான கடைவரம்பில் உள்ள மடைக்குத் தண்ணீர் வந்துசேர எத்தனை நாள் ஆகிறது என்று கேட்கத் தொடங்கினோம். எங்கள் படிவத்தில் உருப்படியான கேள்வி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ரப்பர் தோட்டங்களில் வேறொரு கணக்கு. மழைமானியில் காலை 8.30 மணிக்கு அளவெடுக்கிறார்கள். அதற்கு முந்தைய 24 மணி நேரத்தில் பெய்ததெல்லாம் ஒரே எண்ணாகப் பதிவாகிவிடும். பால்வெட்டுத் தொழிலாளிக்கோ மழையின் அளவைவிட அது பெய்த நேரமே முக்கியம். விடியற்காலையில் பெய்யும் சிறு மழையில்கூடப் பட்டை நனைந்து, பால் வெட்டுச்சாலில் இறங்காமல் மரத்தின் மேலெல்லாம் பரவி வீணாகும். சிரட்டையில் விழுந்த பாலும் மழைநீரோடு வழிந்துவிடும். அன்றைய கூலி போயிற்று. பிற்பகலில் அதைப்போல் பத்து மடங்கு பெய்தாலும், காலையிலேயே பாலெடுத்து முடித்தவருக்குப் பெரிய நட்டமில்லை. ஆகவே தோட்டப் பகுதிகளில் மழையளவோடு, பால்வெட்டு நடக்காத காலைகளையும் மாதவாரியாகக் குறித்துக்கொள்கிறோம். வேலையிழப்புக்கு நிவாரணம் கேட்டு மனு எழுதும்போது இந்தப் பதிவே துணைநிற்கும்.

கடற்கரை ஊர்களில் நிலைமை இன்னும் சிக்கலானது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வீசியபோது, பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழிலுக்குப் போயிருந்த படகுகளுக்குக் கரையிலிருந்து எச்சரிக்கை அனுப்ப வழியில்லை. எத்தனை பேர் கடலில் இருக்கிறார்கள் என்பதற்கே முழுமையான கணக்கு இல்லை. தூத்தூர் வட்டாரப் படகுகளில் பல கொச்சியைத் தளமாகக் கொண்டு தொழில் செய்பவை. அவற்றில் வெளிமாநிலத் தொழிலாளர்களும் இருந்தனர். அதனால் இரு மாநிலப் பட்டியல்களுக்கும் நடுவில் பெயர்கள் விடுபட்டன. வீடுவீடாகக் கேட்டு, யார் எந்தப் படகில் போனார் என்று எழுதிச் சேர்த்தவை அந்தந்த ஊரின் கத்தோலிக்கப் பங்கு ஆலயங்கள்தாம். காலநிலைத் தரவு என்றாலே செயற்கைக்கோள் படத்தைத் தேடுகிறவர்கள், அந்தப் பங்குப் பதிவேடுகளையும் ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

திரட்டியதை எங்கே வைப்பது என்பதில்தான் இன்னும் இழுபறி. திட்டக்காலம் முடிந்ததும் கோப்புகள் எங்கள் அலுவலகக் கணினியோடு நின்றுவிடக் கூடாது என்பதற்காக, ஏலாவின் பதிவேட்டைப் பாசன சங்கத்திடமும், பால்வெட்டுப் பதிவேட்டைத் தோட்டத் தொழிலாளர்களிடமும் ஒப்படைக்கத் தொடங்கியிருக்கிறோம். கடற்கரை ஊர்களில் ஊராட்சியா, மீனவர் கூட்டுறவுச் சங்கமா, பங்குப்பேரவையா என்ற பேச்சு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது.