டிக்கெட் இல்லாத கோடை: மண்டபம் முதல் அரிச்சல்முனை வரை

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் முட்டையிட்டுப் பெருகும் பருவம் என்பதால் 61 நாள் தடைக்காலம். பள்ளிப் பிள்ளைகளின் கோடை விடுமுறையும் ஏறக்குறைய இதே நாட்களில்தான் வருகிறது. ராமநாதபுரம் கடற்கரையைப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல சமயம் கிடையாது என்பது என் உறுதியான எண்ணம். வெயில் கொளுத்தும், மறுக்கவில்லை. ஆனால் மற்ற மாதங்களில் கடலுக்குள் போய்விடும் படகும் ஆட்களும் இப்போது கரையில் இருக்கிறார்கள். நின்று பேச அவர்களுக்கும் நேரம் இருக்கிறது.

எங்கள் வீடு ராமநாதபுரம் கேணிக்கரைப் பக்கம். மே மாதம் பிறந்தால் வீட்டுக்கு வீடு ஒரே புலம்பல்தான். பிள்ளைகள் செல்போனைக் கீழே வைப்பதில்லை. கொடைக்கானலுக்குக் கூட்டிப்போகக் கையில் காசும் இல்லை. இந்த முறை தெருவில் நான்கு வீட்டுக்காரர்கள் சேர்ந்து கிளம்பினோம். நுழைவுச்சீட்டு கேட்கும் எந்த இடத்துக்கும் போவதில்லை என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டோம். செலவு பஸ்ஸுக்கும் நுங்குக்கும் மட்டும். பாம்பனில் மதினி வீட்டு மொட்டை மாடி இருந்ததால் இரவு தங்குவதற்கும் செலவில்லை. எதிர் வீட்டு லாத்தா (அக்கா) கீழக்கரைக்காரர். ஒரு தூக்கு நிறையத் தொதல் என்ற இனிப்பு கொண்டுவந்தார். மாடி வீட்டுப் பெரியம்மா புளியோதரைக்குப் பொறுப்பேற்றார்.

காலை வெயில் ஏறுவதற்குள் மண்டபத்தில் இறங்கினோம். வடக்குக் கரையில் விசைப்படகுகள் சில மேட்டில் ஏற்றப்பட்டு, அடிப்பாகம் தெரிய நின்றன. கடலில் மிதக்கும்போது பாதிதான் கண்ணுக்குத் தெரியும். முழுப் படகையும் பக்கத்தில் பார்த்ததும் பிள்ளைகள் வாயடைத்துப் போனார்கள். ஒருவர் அடிப்பலகையில் ஒட்டியிருந்த சிப்பிகளைச் சுரண்டிக்கொண்டிருந்தார். இன்னொரு படகில் வயதான ஆசாரி ஒருவர், பலகைக்கும் பலகைக்கும் நடுவிலுள்ள இடுக்கில் முறுக்கிய பஞ்சுத் திரியை வைத்து, உளியால் தட்டித் தட்டி இறக்கினார். ஒரு விரல் நீளம் இறங்கியதும் அந்த இடத்தைக் கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பார். திருப்தி இல்லையென்றால் இன்னும் கொஞ்சம் திரி. எங்கள் பையன் கேட்டான்: “ஒரு இடத்தில் விட்டுப்போனால் என்ன ஆகும் தாத்தா?”

“நடுக்கடலில் தண்ணீர் இறைத்தே கை ஓய்ந்துவிடும் தம்பி” என்றார், தட்டுவதை நிறுத்தாமல்.

அரை மணி நேரம் ஒரு பிள்ளையும் அங்கிருந்து நகரவில்லை. வேலை நடக்கும் இடம் என்பதால் ஓரமாக நிற்கச் சொல்லிவைத்திருந்தோம். கூட்டிப்போகிறவர்கள் இதில் கண்டிப்பாக இருக்க வேண்டும். உளியும் ஆணியும் கிடக்கும் மணல் அது.

மண்டபத்தின் இன்னொரு வசதி, இரண்டு கடலையும் நடந்தே பார்த்துவிடலாம். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. கோடையில் தென்காற்று வீசத் தொடங்கிவிட்டால் தெற்குப் பக்கம் அலை எழும்பும். அதே நாளில் வடக்குப் பக்கம் முழங்கால் நீரில் மணல் வரி தெரிய அமைதியாகக் கிடக்கும். பிள்ளைகளைக் குளிக்க விடுவதென்றால் வடகடலில்தான். ஆண்கடல், பெண்கடல் என்று இங்குள்ளவர்கள் பிரித்துச் சொல்வதைப் பிள்ளைகள் கேட்டிருந்தார்கள். இரண்டிலும் காலை நனைத்த பிறகுதான் அவர்களுக்கு நம்பிக்கை வந்தது.

பாம்பன் பாலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலம், 1988-ல் வந்த சாலைப் பாலம், 2025 ஏப்ரல் 6-ம் தேதி திறந்து வைத்த புதிய ரயில் பாலம் என்று மூன்று தலைமுறைப் பாலங்கள் எழுந்த இடம் அது. புதிய பாலத்தின் நடுவே 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி, கப்பலுக்கு வழிவிட அப்படியே நேர் மேலே உயரும். நாங்கள் போன அன்று அது உயரவில்லை. ரயில் மட்டும் போனது. சாலைப் பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கும் கூட்டம் எப்போதும் நெரிசலை உண்டாக்குகிறது. பாம்பன் பக்கம் இறங்கிக் கரையோரமாகப் போய் உட்கார்ந்தால், நெரிசலில்லாமல் அதே காட்சி கிடைக்கும்.

மதியச் சாப்பாடு தங்கச்சிமடத்தை ஒட்டிய வில்லூண்டித் தீர்த்தத்தில். தங்கச்சிமடம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மல்லிகை நாற்று நினைவுக்கு வரும். இங்கே பதியம் போட்ட நாற்றுகள் பல மாநிலங்களுக்குப் போகின்றன. எனக்கோ அந்தக் கிணறுதான். சீதையின் தாகம் தீர்க்க ராமன் வில்லை ஊன்றிய இடம் என்பது ஐதீகம். கரையிலிருந்து சிறு பாலம் வழியாகப் போனால் கடலுக்குள்ளேயே ஒரு கிணறு. சுற்றிலும் உப்புக்கடல், உள்ளே குடிக்கும் தண்ணீர். ஒவ்வொரு பிள்ளையும் முதலில் கடல்நீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்துவிட்டு, அப்புறம் கிணற்று நீரை வாங்கிக் குடித்தது. கடைக்குட்டி மூன்று தடவை மாற்றி மாற்றிச் செய்து பார்த்தாள்.

இது எப்படி என்று கேள்வி வந்தது. பக்கத்து வீட்டுச் சித்தப்பா அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மணலில் ஒரு குச்சியால் படம் போட்டு விளக்கினார். தீவு முழுக்க மணல். ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழை ஓடிப்போகாமல் மணலுக்குள் இறங்குகிறது. அடியில் கடலின் உப்புநீர் இருக்கிறது. உப்புநீர் கனமானது, மழைநீர் லேசானது. அதனால் நல்ல தண்ணீர் பாலின் மேல் ஆடை படிவதுபோல உப்புநீரின் மேல் தங்கி நிற்கிறது. ஆழமாகத் தோண்டி மோட்டார் போட்டு உறிஞ்சினால் கீழேயுள்ள உப்பு மேலே ஏறிவிடும். கொஞ்சமாக அள்ளினால் ஊறிக்கொண்டே இருக்கும். பாடப் புத்தகத்தில் படித்திருந்தால் தேர்வு முடிந்த மறுநாள் மறந்திருப்பார்கள்.

உச்சி வெயிலுக்குப் பேய்க்கரும்பு. அப்துல் கலாம் அடக்கம் செய்யப்பட்ட இடத்தில் 2017 ஜூலை 27-ல் திறக்கப்பட்ட நினைவிடம். நுழைவுக் கட்டணம் கிடையாது. வெளியே நிறுத்தியிருக்கும் ஏவுகணை மாதிரியைத்தான் பிள்ளைகள் முதலில் பார்ப்பார்கள், பார்க்கட்டும். உள்ளே இருக்கும் படங்களுக்கு நடுவே நாங்கள் சொன்னது வேறு கதை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்பதை நிறுத்திவிட்டார்கள். தனுஷ்கோடிக்குப் போகும் வழியில் ஓடும் ரயிலிலிருந்து செய்தித்தாள் கட்டுகளை எறிவார்கள். அவற்றைப் பொறுக்கி எடுத்து ஊருக்குள் போடுவதற்கு உதவியாக இருந்த சிறுவன்தான் பிறகு குடியரசுத் தலைவரானார். அவருடைய முதல் சம்பாத்தியம் அது. இந்தக் கதை தெரிந்த பிறகு தனுஷ்கோடிச் சாலையைப் பிள்ளைகள் பார்த்த விதமே மாறிவிட்டது.

தீவுக்குள் சாதாரணக் கட்டண நகரப் பேருந்து என்றால் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எங்கள் கூட்டத்தில் பெண்கள்தான் அதிகம். மாலையில் ராமேஸ்வரம் போய் அக்னி தீர்த்தத்தில் கால் நனைத்தோம். இருட்டியதும் பாம்பன் மாடிக்குத் திரும்பினோம். காற்று கொசுவை அண்டவிடவில்லை.

மறுநாள் விடியற்காலையில் தனுஷ்கோடி. ராமேஸ்வரத்திலிருந்து தீவின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை சுமார் 20 கிலோமீட்டர். 2017-ல் தார்ச்சாலை வந்த பிறகு கடைசிவரை பஸ்ஸிலேயே போகலாம். ஒரு காலத்தில் சென்னை எழும்பூரில் ரயில் ஏறியவர்கள் இங்கே இறங்கிக் கப்பல் பிடித்துத் தலைமன்னார் போனார்கள். 1964 டிசம்பர் 22-ம் தேதி இரவு வந்த புயல் ஊரையும், ஊருக்குள் வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. தேவாலயச் சுவரும் ரயில் நிலையத்தின் மிச்சமும் நிற்கின்றன. பெரியம்மா அப்போது சிறுமி. செய்தி வந்த அன்று ராமநாதபுரத்தில் யார் வீட்டிலும் அடுப்பு எரியவில்லை என்று சொன்னார். பிள்ளைகள் யாரும் அந்தச் சுவர்மேல் ஏறவில்லை.

சாலையோரம் மணலில் கூட்டமாக நின்று சிலர் கயிறு இழுத்துக்கொண்டிருந்தார்கள். கரைவலை. இதற்குத் தடைக்காலம் கிடையாது. வள்ளத்தில் வலையைக் கொண்டுபோய்க் கடலில் அரைவட்டமாக வளைத்துவிட்டு, இரண்டு முனைக் கயிற்றையும் கரையில் இரண்டு குழுக்கள் பிடித்து இழுக்கும். இழுக்க இழுக்க இரண்டு குழுவும் பக்கத்தில் பக்கத்தில் நகர்ந்து வரும். நாங்களும் சேர்ந்துகொள்ளலாமா என்று சித்தப்பா கேட்டார். “தாராளமாகப் பிடியுங்கள். கயிற்றைக் கையில் மட்டும் சுற்றிக்கொள்ளாதீர்கள். அலை இழுத்தால் ஆளையும் இழுக்கும்” என்றார் முன்னால் நின்றவர். பெரியவர்கள் பின்வரிசையில் பிடித்தோம், பிள்ளைகள் எங்களுக்குப் பின்னால். ஈரக் கயிறு உள்ளங்கையைத் தேய்த்துச் சிவக்க வைத்தது. குதிகாலை மணலில் ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து, எல்லோரும் ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். ஒருவர் முந்தினாலும் பிந்தினாலும் கயிறு நகராது.

கடைசியில் வலையின் மடி கரை ஏறியது. மேலே ஆலாக்கள் வட்டமடித்தன. உள்ளே சாளை, காரல், நாலைந்து கணவாய், கிளிஞ்சல் ஓட்டை இறுகப் பிடித்த ஒரு நண்டு. அவற்றுக்கு நடுவே வயிறு பலூனாக உப்பிய பேத்தை மீன் ஒன்று. விஷமீன், யாரும் எடுக்க மாட்டார்கள். வலைக்காரர் ஒருவர் அதை உள்ளங்கையில் வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டினார். முட்கள் விறைத்த வெள்ளை வயிறு, உருண்டைக் கண், முயல்பல் போன்ற வாய். பிறகு நீரில் விட்டார். சற்று நேரம் மல்லாந்து மிதந்தது. காற்றும் நீரும் வெளியேறி வயிறு வற்றியதும் குப்புறத் திரும்பி ஓடிவிட்டது. பிள்ளைகள் கைதட்டினார்கள். கூட இழுத்தவர்களுக்குக் குழம்புக்கு ஒரு கை காரல் என்று வலைக்காரர்களே கொடுத்தார்கள். லாத்தா மேலும் கொஞ்சம் காசு கொடுத்து வாங்கினார். அவர்களுடைய பிழைப்பு அது. கயிறு பிடித்ததற்கு மீன் கேட்டு யாரும் நிற்கக் கூடாது.

அரிச்சல்முனையில் நிழல் என்று ஒன்றும் இல்லை. நீரோட்டம் கடுமையானது, அங்கே குளிக்கவே கூடாது. ஒன்பது மணிக்கெல்லாம் திரும்பிவிடுவது நல்லது. திரும்பும் வழியில் பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது, மீனவக் குடிசைப் பக்கம் ஒரு பெண் மணலைக் கையால் தோண்டி ஊறிய நீரைச் சிரட்டையால் குடத்துக்கு அள்ளிக்கொண்டிருந்தார். கடல் கூப்பிடு தூரத்தில். எங்கள் பையன் ஓடிப்போய், “ஆழமாகத் தோண்டினால் உப்பாகிவிடும், இல்லையா அக்கா?” என்று கேட்டான். அவர் சிரித்துவிட்டு ஒரு சிரட்டைத் தண்ணீரை அவனிடம் நீட்டினார்.

மணலில் கிடந்த பவளத் துண்டுகளை ஒரு பிள்ளை பையில் போட்டிருந்தது. வெளியே எடுத்து வைக்கச் சொன்னோம். பவளம் 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-லிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. காலிச் சிப்பி பொறுக்கினால் பரவாயில்லை என்று நினைப்பவர்கள், வலையில் கிளிஞ்சல் ஓட்டை விடாமல் பிடித்திருந்த நண்டை நினைத்துக்கொள்ளட்டும். காலி ஓடும் அதற்குத் தேவை.

பாம்பனில் நுங்கு வாங்கித் தின்றோம். தின்று முடித்த இரண்டு நுங்குக் காயைக் குச்சியில் கோத்து, கவட்டைக் கம்பு வைத்துச் சித்தப்பா நுங்கு வண்டி செய்துகொடுத்தார். ஒன்று செய்ததும் எல்லோருக்கும் வேண்டும் என்றாகிவிட்டது. ராமநாதபுரம் பஸ்ஸில் இருக்கைக்கு அடியில் அத்தனை வண்டிகளும் வந்தன. இப்போது எங்கள் தெருவில் மாலையானால் அவற்றின் சத்தம்தான்.

பள்ளி திறப்பதற்குள் திருப்புல்லாணியும் சேதுக்கரையும் போவதாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். பின்தெருவிலிருந்து இரண்டு குடும்பங்கள் சேருவதாகச் சொல்லியிருக்கின்றன. உங்கள் தெருவிலிருந்து கிளம்புவதானால் ஜூன் 14-க்கு முன் மண்டபத்தைப் பார்த்துவிடுங்கள், பிறகு படகுகள் இறங்கிவிடும். குடிதண்ணீரை வீட்டிலிருந்தே நிறையக் கொண்டுபோங்கள். தொப்பி, மாற்றுத்துணி, வயதானவர்களுக்கு ஒரு குடை. குப்பை போட ஒரு சாக்கு கையில் இருக்கட்டும். எங்கள் சாக்கு தனுஷ்கோடியிலேயே நிறைந்துவிட்டது, அதில் பாதி யாரோ போட்டுவிட்டுப் போனது.