சீப்புப் பல்

சுறாப் பல் சேகரிக்கத் தொடங்குகிற பலரையும் போல நானும் முதலில் மெகலடோன் என்னும் அற்றுப்போன மாபெரும் சுறாவின் பல்லுக்குத்தான் ஆசைப்பட்டேன். உள்ளங்கையை நிறைக்கும் அந்தப் பல்லை இப்போது எப்போதாவதுதான் எடுத்துப் பார்க்கிறேன். நான் அடிக்கடி திறப்பது அற்றுப்போன ஆழ்கடல் சுறா இனங்களின் பெட்டியை. அதிலும் ஹெக்சாங்கஸ் என்னும் ஆறு செவுள் பிளவுச் சுறாப் பேரினத்தின் கீழ்த்தாடைப் பல், ஒரே வேரின்மேல் பல கூர்கள் சீப்பைப் போல வரிசையாய்ச் சாய்ந்து, பின்னோக்கிச் செல்லச் செல்லச் சிறுத்துப்போகும் அமைப்பால், எத்தனை முறை பார்த்தாலும் அலுப்பதில்லை.

இவை அரிதாகக் கிடைப்பதற்குப் பற்களின் எண்ணிக்கையைக் குறை சொல்ல முடியாது. ஒரு சுறா தன் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான பற்களை உதிர்க்கிறது. குருத்தெலும்புக் கூடு மட்கிப்போனாலும் பல் நிலைக்கிறது. ஆனால் ஆழ்கடல் தரையில் விழுந்தவற்றுள் பெரும்பாலானவை நம் கைக்கு எட்டுவதே இல்லை. 1872 முதல் 1876 வரை கடல்களைச் சுற்றிவந்த சேலஞ்சர் என்ற ஆய்வுக் கப்பல், பசிபிக்கின் அடித்தரைக் களிமண்ணிலிருந்து மாங்கனீசு படிந்த சுறாப் பற்களை வாரி எடுத்தது. கப்பல் இல்லாதவர்கள் பழைய கடற்படுகை மேலெழுந்து நிலமாகிவிட்ட இடங்களைத்தான் நம்பியிருக்க வேண்டும். கலிஃபோர்னியாவின் ஷார்க்டூத் ஹில் அப்படியோர் இடம். அங்கும் மாக்கோ வகைச் சுறாக்களின் பற்கள் ஏராளம். ஹெக்சாங்கஸும், எக்கினோரைனஸ் என்னும் இன்னோர் ஆழ்கடல் சுறாவும் அபூர்வம்.

சிறிய இனங்களின் பற்களைக் கண்ணால் தேடிப் பயனில்லை. சுண்ணாம்புப் பாறையை நீர்த்த அசெட்டிக் அமிலத்தில் கரைத்து, எஞ்சியதை அரை மில்லிமீட்டர் சல்லடையில் அலசி, உலர்த்தி, நுண்ணோக்கியின் கீழ் தூரிகை நுனியால் ஒவ்வொரு துகளாகத் தள்ளிப் பார்க்க வேண்டும். (வீட்டிலுள்ளவர்கள் இந்த வாடையை மன்னிப்பதில்லை.) கிளாமிடோசெலாக்கஸ் என்னும் ஆழ்கடல் சுறாவின் திரிசூலம் போன்ற பல் ஒன்று அந்தத் துகள்களுக்கிடையே தென்பட்டால், ஒரு மாதத்து அலுப்பு தீரும்.

முழுமையான பல்லின் மீதான மோகத்தால் ஒருமுறை ஏமாந்தேன். விலைகொடுத்து வாங்கிய ஹெக்சாங்கஸ் பல்லை உருப்பெருக்கியில் வைத்தபோது, நான்காம் கூரை ஒட்டிப் பசைக்கோடு தெரிந்தது. இரண்டு பற்களின் பாதிகளை ஒட்டியிருந்தார்கள். அதன் பிறகு, உடைந்ததானாலும் இடமும் பாறையடுக்கும் குறித்த சீட்டுள்ள பல்லையே விரும்புகிறேன். பெட்டியில் இப்போது முதலிடம் மூன்று கூர்களோடு முறிந்த ஒரு முன்பாதிக்கு. அதே அடுக்கின் சல்லடை எச்சம் இரண்டு புட்டிகளில் இன்னும் பார்க்கப்படாமல் இருக்கிறது.