3,333,360: பக்மேனில் ஒரு பொட்டும் விடாமல்

பழைய ஆர்கேட் கேம்களில் ஸ்கோர் வேட்டைக்கு இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "எப்படிச் சாகாமல் விளையாடுவது?" என்று. அதற்கு முன் கேட்க வேண்டியது வேறு: இந்தக் கேமில் புள்ளி எங்கே இருக்கிறது? இரண்டு மணித்தியாலம் உயிரோடு இருந்துவிட்டுக் குறைந்த ஸ்கோரோடு முடிப்பவர்கள் நிறையப் பேர். அவர்களுக்குக் கை வேகம் போதும். கணக்குத்தான் போதாது.

பக்மேனை எடுத்துக்கொள்வோம். 1980 இல் நம்கோ வெளியிட்டது, வடிவமைத்தவர் தொரு இவதானி. அதில் எடுக்கக்கூடிய உச்ச ஸ்கோர் 3,333,360. அதற்கு மேல் ஒரு புள்ளியும் இல்லை. 1999 இல்தான் அந்த முழு ஸ்கோர் முதன்முதலாகப் பதிவானது. இந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதை ஒருமுறை நீங்களே தாளில் கூட்டிப் பாருங்கள். எப்படி விளையாட வேண்டும் என்பது அந்தக் கூட்டலிலேயே தெரிந்துவிடும்.

ஒரு லெவலில் 240 சின்னப் பொட்டு, ஒவ்வொன்றும் 10 புள்ளி. 4 பெரிய பொட்டு, ஒவ்வொன்றும் 50. மொத்தம் 2,600. இப்படி 255 லெவல், ஆக 663,000. (256 ஆம் லெவல் பாதி உடைந்தது, அதன் புள்ளியைக் கடைசியில் பார்ப்போம்.) பெரிய பொட்டைச் சாப்பிட்டதும் பேய்கள் நீலமாகும். அடுத்தடுத்துப் பிடித்தால் 200, 400, 800, 1,600 என்று ஏறும். நாலையும் பிடித்தால் 3,000, ஒரு லெவலுக்கு 12,000. ஆனால் 17 ஆம் லெவலில் பேய்கள் நீலமாகாது. 18 இல் ஒரு செக்கன் மட்டும் ஆகும். 19 இலிருந்து ஒருபோதும் ஆகாது. எனவே பேய்க்கணக்கு 17 லெவலுக்குத்தான்: 204,000.

அடுத்தது பழம். 70 பொட்டுச் சாப்பிட்டதும் ஒன்று, 170 இல் இன்னொன்று, பேய்க்கூட்டுக்கு நேர் கீழே வரும். ஒன்பது பத்துச் செக்கன் நிற்கும், பிறகு மறையும். செர்ரி 100, ஸ்ட்ரோபெரி 300, தோடம்பழம் 500, அப்பிள் 700, மெலன் 1,000, கலக்சியன் கப்பல் 2,000, மணி 3,000. முதல் 12 லெவலின் பழங்கள் எல்லாம் சேர்ந்து 29,600 தான். 13 ஆம் லெவலிலிருந்து பழத்துக்குப் பதில் திறப்பு, அதாவது சாவி. ஒரு திறப்பு 5,000, லெவலுக்கு இரண்டு. 13 முதல் 255 வரை 243 லெவல், ஆக 2,430,000.

மொத்த ஸ்கோரில் 73 வீதம் திறப்பு. பேய்கள் 6 வீதம் மட்டுமே. எல்லோரும் பேய் பிடிப்பதைத்தான் விளையாட்டு என்று நினைக்கிறார்கள். ஆனால் நாலு பேயையும் விட்டால் போவது 3,000, ஒரு திறப்பை விட்டால் 5,000. முழு ஸ்கோரை விட்டுவிடுங்கள், பத்து லட்சம் என்று இலக்கு வைத்தாலும் இதே கணக்குத்தான்: 13 ஐத் தாண்டுவதற்குத் தேவையான அளவுக்கு மட்டும் பேய் பிடியுங்கள், அதன் பிறகு திறப்பை விடாதீர்கள். முழு ஸ்கோர் வேண்டும் என்பவருக்கு மட்டும்தான் ஒவ்வொரு பேயும் கட்டாயம்.

பக்மேனில் அதிர்ஷ்டம் கிடையாது. ஒவ்வொரு லெவல் தொடங்கும்போதும் பேய்களின் நிலை ஒன்றுபோலத் தொடங்கும். நீலமாக ஓடும்போது அவை எடுக்கும் 'கண்டபடி' திருப்பங்கள் கூட ஒரே விதையிலிருந்து, அதாவது ஒரே தொடக்க எண்ணிலிருந்து, கணக்கிடப்படுபவை. ஆகவே நீங்கள் அதே நேரத்தில் அதே திருப்பத்தை எடுத்தால் பேய்களும் அதே இடத்துக்குத்தான் வரும். இதை வைத்துத்தான் மனப்பாடப் பாதைகள், அதாவது பற்றேர்ன், உருவாகின. 21 முதல் 255 வரை 235 லெவலுக்கும் வேகமும் நடத்தையும் ஒன்றுதான். ஒரே ஒரு பாதை கைவசம் இருந்தால் அத்தனையும் கடக்கலாம். ஆனால் 21 இல் பக்மேனின் வேகம் குறைந்து பேய்கள் உங்களைவிட விரைவாக வரும் என்பதால், 20 வரைக்கும் சரிவந்த பாதை அங்கே உடைந்து போகும்.

பாதை ஏன் உடைகிறது? பெரும்பாலும் மூலையில்தான். பக்மேன் திருப்பத்தை அடையுமுன்னரே ஸ்டிக்கை அடுத்த திசைக்குத் தள்ளி வைத்திருந்தால், அவன் மூலையைக் குறுக்காக வெட்டிப் போவான். பேய்களுக்கு அந்தச் சலுகை இல்லை. திருப்பத்துக்கு வந்த பிறகு தள்ளினால் சில பிரேம் (திரையில் ஒரு படம் நிற்கும் கணம்தான் ஒரு பிரேம்) பின்தங்குவீர்கள். அந்தச் சில பிரேமில் ரோஸ் பேய் வேறு சந்துக்குள் போய்விடும், அதன் பிறகு பாதை முழுவதும் பொய். பொட்டுச் சாப்பிடும் ஒவ்வொரு தடவையும் பக்மேன் ஒரு பிரேம் நிற்பான், பெரிய பொட்டுக்கு மூன்று பிரேம். சாப்பிட்டு முடித்த வெறுஞ்சந்தில் வேகமாகப் போகலாம் என்பதும் பின்னால் சிவப்புப் பேய் வந்தால் பொட்டு நிறைந்த சந்துக்குள் நுழையக்கூடாது என்பதும் இதிலிருந்து வருபவை.

பேய்கள் நாலும் நாலு விதம். சிவப்பு, நீங்கள் நிற்கும் கட்டத்தையே குறிவைக்கும். ரோஸ், உங்களுக்கு நாலு கட்டம் முன்னால் குறிவைக்கும். ஆனால் நீங்கள் மேல்நோக்கிப் போனால் புரோகிராமில் உள்ள ஒரு பிழையால் அதன் குறி நாலு கட்டம் மேலும் நாலு கட்டம் இடப்பக்கமுமாகப் போகும். வான்நீலப் பேய், சிவப்பு எங்கே நிற்கிறது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுகிறது, அதனால்தான் அதன் போக்கு விளங்காததுபோல் தோன்றும். செம்மஞ்சள், எட்டுக் கட்டத்துக்கு அப்பால் இருந்தால் துரத்தும், கிட்ட வந்தால் தன் மூலைக்குத் திரும்பும். முதல் லெவலில் 7 செக்கன் எல்லாம் தத்தம் மூலைக்குப் போகும், 20 செக்கன் துரத்தும், மறுபடி 7, 20, 5, 20, 5. அதன் பின் லெவல் முடியும் வரை துரத்தல்தான். ஒவ்வொரு மாற்றத்திலும் பேய்கள் திடீரெனத் திரும்பும். அந்தத் திரும்பலைப் பார்த்தே நேரத்தைச் சொல்லப் பழகுங்கள்.

நாலையும் ஒன்றாகப் பிடிப்பதுதான் உண்மையான கைவேலை. நீலம் முதல் லெவலில் 6 செக்கன், பிறகு 5, 4, 3, 2 என்று இறங்கும். 6 ஆம் லெவலிலும் 10 ஆம் லெவலிலும் மறுபடி 5 செக்கன் கிடைக்கும், 14 இல் 3. 9, 12, 13, 15, 16, 18 இல் ஒரே ஒரு செக்கன். அந்த ஒரு செக்கனில் நாலைப் பிடிக்க வேண்டுமென்றால், பெரிய பொட்டைத் தொடுவதற்கு முன்பே நாலும் ஒரே கொத்தாக உங்கள் பின்னால் வந்துகொண்டிருக்க வேண்டும். பொட்டுக்கு அருகில் இருக்கும் ஒரு சின்னச் சுற்றில் இரண்டு மூன்று தடவை வட்டமடித்தால் கொத்து சேரும். தொட்டதும் பேய்கள் திரும்பி ஓடும் என்பதை மறக்காதீர்கள். கொத்து இரண்டு கட்டத்துக்கு மேல் பின்தங்கியிருந்தால் கடைசிப் பேய் கைக்கு எட்டாது. சேரவில்லையா? தொடாதீர்கள், இன்னொரு சுற்றுப் போங்கள். நேரக் கட்டுப்பாடு இந்தக் கேமில் இல்லை. நாலு பேரோடு நடனம் ஆடுவது மாதிரியான இந்தப் பகுதியைவிட அழகான விளையாட்டை ஆர்கேட் உலகம் தரவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

வீட்டில் மேம் எமுலேட்டரில், அதாவது பழைய ஆர்கேட் கேம்களைக் கொம்பியூட்டரில் ஓட்டும் மென்பொருளில், விளையாடுபவர்கள் முதலில் டிப் சுவிட்சை, அதாவது உயிர் எண்ணிக்கை போன்றவற்றைத் தீர்மானிக்கும் அமைப்பைச் சரிபார்க்க வேண்டும். உயிர் 5, போனஸ் உயிர் 10,000 இல், கடினம் சாதாரணம். பட்டியலில் வேக ஹக் செய்த பக்மேன் பதிப்பும் இருக்கும், அதில் பழகினால் அத்தனை பாதையும் வீண். ஸ்டிக் 4-திசையாக இருக்க வேண்டும். 8-திசை ஸ்டிக்கில் மூலைக்குச் சாய்ந்தால் இரண்டு சுவிட்சும் ஒன்றாக மூடும், எந்தத் திசை போகும் என்பது உங்கள் கையில் இராது. சன்வா ஜேஎல்எப் ஸ்டிக்கின் அடியில் உள்ள சதுரத் தட்டைக் கழற்றி 45 பாகை திருப்பிப் போட்டால் அது 4-திசை ஆகிவிடும், புதிதாக வாங்கத் தேவையில்லை. டீவியில் விளையாடினால் கேம் மோட் போடுங்கள். திசையை முன்கூட்டியே தள்ளி வைப்பதால் மனப்பாடப் பாதைக்கு டீவியின் மூன்று நாலு பிரேம் தாமதம் பெரிதாகத் தெரியாது, பேய் சேர்க்கும்போது அதுவே கொன்றுவிடும்.

இங்கே திருகோணமலையில் இதற்கு மேல் ஒரு பிரச்சினை: உப்புக்காற்று. உவர்மலை, டொக்யார்ட் வீதி, உப்புவெளி, நிலாவெளி, எங்கே இருந்தாலும் கடல் தூரமில்லை. மூடப்படாத மைக்ரோ சுவிட்சின் தொடுமுனையில் கறுப்பாகவோ பச்சையாகவோ படலம் பிடிக்கும். அறிகுறி எப்போதும் ஒன்றுதான்: மூன்று திசை சரி, ஒரு திசை பத்துத் தடவைக்கு ஒரு தடவை பிடிக்காது. பாதை உடைவதற்கு நம் கையைக் குற்றம் சொல்லிக்கொண்டு வாரக்கணக்கில் பழகுவோம், குற்றம் சுவிட்சில் இருக்கும். எனவே நீண்ட ஆட்டத்துக்கு முன் உள்ளீட்டுச் சோதனைத் திரையில் ஒவ்வொரு திசையையும் மெதுவாக ஐம்பது தடவை தள்ளிப் பாருங்கள். ஒன்று தவறினாலும் சுவிட்சை மாற்றுங்கள். மூன்று கால் இருக்கும்: பொதுக் கால், சாதாரணமாகத் திறந்தது, சாதாரணமாக மூடியது. வயரைப் பொதுக் காலிலும் திறந்த காலிலும் போடுங்கள். மூடிய காலில் போட்டால் தொடாமலேயே திசை அழுந்திய மாதிரிக் காட்டும். துப்புரவுக்கு மின்தொடுமுனைக்கான ஸ்ப்ரே மட்டும். துருப்பிடித்த ஆணிக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரே ஒரு பசையை விட்டுவிடும், உப்பும் தூசியும் அதில் ஒட்டும். விளையாடாத நேரம் மூடியுள்ள பெட்டியில் சிலிக்கா பொதிகளோடு வையுங்கள். மாரிக் காலத்தில் அவற்றை மாதம் ஒருமுறையாவது மாற்ற வேண்டும்.

அடுத்தது கரண்ட். வேகமானவர்கள் முழு ஆட்டத்தை ஏறக்குறைய 3½ மணித்தியாலத்தில் முடிக்கிறார்கள், பழகுபவருக்கு 5, 6 ஆகும். சாதாரண யூபிஎஸ் கொம்பியூட்டரையும் மொனிட்டரையும் சில நிமிடம்தான் தாங்கும். மடிக்கணினிதான் நல்லது, ஆனால் மின்சேமிப்பு அமைப்பை முன்கூட்டியே நிறுத்துங்கள். கரண்ட் போன கணத்தில் திரை மங்கி, புரோசசர் வேகம் இறங்கி, படம் விக்கும். ஒரு மூலை தவறுவதற்கு அது போதும். சார்ஜரைக் கழற்றிவிட்டு ஐந்து லெவல் ஆடிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இவ்வளவு நேரம் உட்கார முடியாது என்பவருக்கு அசல் பக்மேனில் ஓர் ஒதுங்குமிடம் உண்டு. தொடங்கும் இடத்திலிருந்து சற்று வலப்பக்கம் போய், மேலே ஏறும் குறுஞ்சந்துக்குள் மேல்நோக்கியபடி நில்லுங்கள். அங்கே உள்ள சந்திகளில் பேய்கள் மேலே திரும்ப முடியாது என்பதால் சுற்றிக்கொண்டே இருக்கும். எந்தப் பேயும் நேரே பின்னால் வராத நேரத்தில் போனால்தான் பலிக்கும்.

மற்றக் கேம்களில் கணக்கு வேறு. 1981 இன் டொங்கி கொங்கில் நீளம் நிர்ணயமானது: 22 ஆம் லெவலில் போனஸ் நேரத்தின் கணக்கு 260 ஆகி, 255 வரைதான் கொள்ளும் ஒரு பைட்டில் அடங்காமல் 4 ஆகச் சுருங்கிவிடும், ஆட்டம் சில செக்கனில் முடியும். 117 ஆம் திரை அது. எல்லோருக்கும் அதே 117 திரைதான் என்பதால், பீப்பாய்த் திரையில் எத்தனை புள்ளி பிழிகிறீர்கள் என்பதே ஸ்கோர். அங்கே அதிர்ஷ்டமும் உண்டு, மனப்பாடம் உதவாது. அஸ்டெரோயிட்ஸில் ஒரு சின்னப் பாறையை மீதி வைத்துவிட்டு, ஒவ்வொன்றும் 1,000 தரும் சின்னப் பறக்கும் தட்டுகளை வேட்டையாடுவார்கள். ஸ்பேஸ் இன்வேடர்ஸில் 23 ஆவது குண்டிலும் அதன்பின் ஒவ்வொரு 15 ஆவது குண்டிலும் பறக்கும் தட்டை அடித்தால் 300. கலகாவில் முதல் லெவலில் இடக்கோடி வண்டுகள் இரண்டை மட்டும் விட்டுக் கால் மணித்தியாலமளவு தப்பிக்கொண்டிருந்தால் எதிரிகள் சுடுவதையே நிறுத்திவிடுவார்கள். புரோகிராம் பிழை அது. போட்டிக்கு ஸ்கோர் அனுப்புவதென்றால் அதைத் தொடாதீர்கள்.

ஸ்கோர் எடுத்தால் மட்டும் போதாது, காட்டவும் வேண்டும். மேமில் உள்ளீட்டைப் பதியும் வசதியை ஆட்டம் தொடங்குமுன் இயக்குங்கள். அந்தக் கோப்பு அதே பதிப்பு மேமில்தான் சரியாகத் திரும்ப ஓடும், எனவே பதிப்பு எண்ணைக் கோப்புப் பெயரிலேயே எழுதுங்கள். அசல் மெசினில் என்றால் டிப் சுவிட்சையும் போர்டையும் முதலில் காட்டி, வெட்டில்லாத ஒரே காணொளியாக எடுக்க வேண்டும். 2018 இல் ஆர்கேட் ஸ்கோர்களைப் பதிவுசெய்யும் அமைப்பான ட்வின் கலக்சிஸ், திரை மாறும்போது படம் வரையப்படும் விதம் அசல் போர்டுடன் பொருந்தவில்லை என்று டொங்கி கொங் ஸ்கோர்கள் சிலவற்றை நீக்கியது. அந்த ஸ்கோர்களுக்கு உரியவர் தொடுத்த வழக்கு 2024 இல் சமரசமாகி அவை பழைய பதிவேட்டில் திரும்ப இடம்பெற்றன. ஆறு வருட இழுபறி அது. முதல் நாளே ஒழுங்காகப் பதிந்துவிடுங்கள்.

இனி 256 ஆம் லெவல். லெவல் எண் ஒரு பைட்டைத் தாண்டிப் பூச்சியமாவதால், கீழே பழம் வரையும் பகுதி 256 தடவை ஓடித் திரையின் வலப்பாதியை எழுத்துக் குப்பையாக்கிவிடும். இடப்பாதியில் 112 சின்னப் பொட்டும் 2 பெரிய பொட்டும் இருக்கின்றன. 70 ஆவது பொட்டில் ஒரு திறப்பு வரும். வலப்பாதிக் குப்பைக்குள் 9 பொட்டு மறைந்திருக்கின்றன, ஒவ்வொரு உயிர் போனதும் அவை மட்டும் திரும்ப வரும். 6 உயிரும் மிஞ்சியிருந்தால் 54 பொட்டு, 540 புள்ளி. இந்த லெவலின் மொத்தம் 6,760. அதைக் கூட்டினால்தான் 3,333,360 வரும். வழியில் ஓர் உயிர் போயிருந்தால், வேறெதுவும் விடாதவருக்கு 90 புள்ளி குறைந்து 3,333,270. அந்தக் குப்பைக்குள் சுவர் எங்கே, வழி எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது, எனவே 9 பொட்டின் பாதையைத் தனியே கையால் பழக வேண்டும். கடைசி உயிரிலும் ஒன்பதையும் எடுத்த பின், மெசினை நிறுத்துமுன் ஸ்கோரைப் படமெடுங்கள். அசல் பக்மேன் போர்டு ஹை ஸ்கோரைச் சேமிப்பதில்லை, கரண்ட் போனால் அதுவும் போய்விடும்.