உப்பில்லாமல் தோலைக் காக்கும் ப்ராஜெக்ட் எடுப்பவர்களுக்கு

தோல் தொழில்நுட்பம் இறுதியாண்டில் நான் எடுத்த ப்ராஜெக்ட், பச்சை ஆட்டுத்தோலை உப்பில்லாமல் கெடாமல் வைப்பது. இதே தலைப்பை எடுப்பவர்கள் முதலில் நேரக்கணக்கைக் கவனியுங்கள்.

காலையில் ஆட்டுத்தொட்டியில், அதாவது ஆடு அறுக்கும் கூடத்தில், உரித்த தோல்களைச் சாக்கில் கட்டி ஆய்வகத்துக்குக் கொண்டுவர எனக்கு மதியமாகிவிட்டது. வேப்பிலை விழுது தடவி வைத்தேன். நான்கு நாளும் நாற்றமில்லை. நன்றாக வருகிறது என்று நோட்டில் எழுதினேன். ஐந்தாம் நாள் கழுத்து ஓரத்தில் இரண்டு விரலால் முடியை இழுத்தேன், கொத்தாகக் கையோடு வந்தது. வேம்பின் வாசனை அழுகலை மறைத்திருந்தது. விழுது தடவுவதற்கு முன்பே, சாக்குச் சூட்டில் பாக்டீரியா வேலையைத் தொடங்கியிருந்தது.

அதனால் உரித்த நேரத்தை ஒவ்வொரு தோலுக்கும் குறித்து வையுங்கள். மூக்கை நம்பாமல் ஈரப்பதம், பாக்டீரியா எண்ணிக்கை, தோலின் புரதம் அழுகும்போது கரைந்து வரும் நைட்ரஜன் மூன்றையும் அளந்துகொண்டே வாருங்கள். ஒரே தோலை முதுகுத்தண்டு வழியே இரண்டாக வெட்டி, ஒரு பாதிக்கு உப்பு, மறுபாதிக்கு உங்கள் முறை என்று வைத்தால்தான் ஒப்பீடு நிற்கும்.

அப்புறம், வைவா என்ற வாய்மொழித் தேர்வில் என்னைத் திணறடித்த கேள்வி: "நீங்க போட்ட பொருள் ஊறல் தண்ணியில என்ன ஆகுது?" வழக்கமான முறையில் ஒரு கிலோ தோலுக்கு ஏறக்குறைய 400 கிராம் உப்பு போடுகிறோம். பதனிடும் முன் தோலை ஊறவைக்கும்போதே அதில் பெரும்பகுதி தண்ணீரில் இறங்கிவிடும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் ஷாப்புகளின் (தோல் பதனிடும் ஆலைகள்) கழிவுநீர் பாலாற்றைக் கெடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கழிவுநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது விதி. ஆர்.ஓ. வைத்து நீரைச் சவ்வில் வடிகட்டி, மிஞ்சியதை ஆவியாக்கினாலும் உப்பு மூட்டை மூட்டையாகத் தேங்குகிறது.

இந்தக் கணக்கில் பார்த்தால், பொட்டாசியம் குளோரைடு தோலைக் காக்கும், ஆனால் கரைந்த திடப்பொருள் குறையாது. போரிக் அமிலத்தின் போரான் அளவு மிஞ்சினால் பயிருக்கு நஞ்சு. இலை விழுது கழிவில் கரிமச் சுமையை, அதாவது மக்கும் பொருளின் அளவை, ஏற்றும். சிலிக்கா ஜெல் தோலின் ஈரத்தை உறிஞ்சும், ஆனால் நீரில் அவ்வளவாகக் கரையாது. 4 டிகிரிக்குக் குளிர்வித்தால் தண்ணீரில் எதுவுமே சேராது. ஆட்டுத்தொட்டியும் தோல் ஷாப்பும் பக்கத்தில் இருந்தால் என் ஓட்டு குளிர்ச்சிக்குத்தான். ஊர் ஊராக ஒன்றிரண்டு தோல் சேர்க்கும் இடத்துக்கு அது ஒத்துவராது.

சேமிப்போடு நிறுத்தாமல் பதனிட்டு முடிக்கவும் இரண்டு மாதம் ஒதுக்குங்கள். என் தேர்வாளர் இரண்டு பாதித் தோல்களையும் விரலால் தடவி, மடித்துப் பார்த்த பிறகுதான் அட்டவணைகளைப் புரட்டினார்.