மூணு மைல் கணக்கு: ஏடிசி தேர்வுக்குப் படிக்கிற தம்பி, தங்கச்சிகளுக்கு

ஏடிசின்னா ஏர் டிராஃபிக் கன்ட்ரோல், விமானங்க ஒண்ணோட ஒண்ணு மோதாம வழிநடத்துற வேலை. முதல் தடவை தேர்வு எழுதினப்ப எனக்கு அது கிடைக்கலைங்க. சோமனூர்ல எட்டுத் தறி ஓடுற வீடு எங்களுது. காலேஜ் பஸ் தினமும் சித்ரா ஸ்டாப்பைத் தாண்டித்தான் போகும். ஏர்போர்ட் போர்டைப் பார்ப்பேனே தவிர, அதுக்குள்ள நமக்கு ஒரு வேலை இருக்கும்னு பி.எஸ்சி. இயற்பியல் கடைசி வருஷம் வரைக்கும் தோணவே இல்லை.

விவரத்தைச் சுருக்கமாச் சொல்லிடறேன். பி.எஸ்சி.யில இயற்பியலும் கணிதமும் இருக்கணும், பி.இ. முடிச்சவங்க ஏதாவது ஒரு செமஸ்டர்லயாவது அந்த ரெண்டையும் படிச்சிருக்கணும். வயசு வரம்பு 27, ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்குத் தளர்வு உண்டு. நான் எழுதினப்ப 120 கேள்வி, 120 நிமிஷம், நெகட்டிவ் மார்க் இல்லை. பாதி இங்கிலீஷ், ரீசனிங், பொது அறிவு வகையறா. மீதிப் பாதி கணக்கும் பிசிக்ஸும். அப்புறம் குரல் தேர்வு, உளவியல் தேர்வு, மெடிக்கல். தேறினவங்களுக்குப் பயிற்சி பிரயாக்ராஜ், ஹைதராபாத், கோண்டியா மாதிரி இடங்கள்ல.

எழுத்துத் தேர்வுல விமானத்தைப் பத்தித் தனிப் பாடமே கிடையாது. அதனால முதல் வருஷம் ஒரு கோச்சிங் சென்டர் தந்த ஃபார்முலா நோட்டை மட்டும் உருப்போட்டேன். சார்பு வேகக் கணக்குன்னா ரெண்டு ரயில், ஒரு பாலம். ஒண்ணும் மனசுல நிக்கலை. ரெண்டாவது தடவை ரயிலைத் தூக்கிப் போட்டுட்டு ஃபிளைட்டை வெச்சேன்.

இறங்க வர்ற ரெண்டு ஃபிளைட்டுக்கு நடுவுல 6 நாட்டிக்கல் மைல் (ஒரு மைல் சுமார் 1.85 கி.மீ.) இடைவெளி. முன்னாடி போறது 140 நாட் (மணிக்கு 140 நாட்டிக்கல் மைல்), பின்னாடி வர்றது 180 நாட். 3 மைலுக்குக் கீழ போகக் கூடாதுன்னு வெச்சுக்குவோம். இடைவெளி எப்ப 3 மைல் ஆகும்? வித்தியாசம் 40 நாட், அதாவது நிமிஷத்துக்கு மூணுல ரெண்டு மைல். 3 மைல் கரைய நாலரை நிமிஷம். அந்த நேரத்துல முன்னாடி போறது பத்தரை மைல் போயிருக்கும். ஓடுபாதைக்கு 12 மைல்ல கணக்கை ஆரம்பிச்சிருந்தா, அது தரை தொட இன்னும் ஒன்றரை மைல் பாக்கி. ஏதும் செய்யாம உக்காந்திருந்தா, அந்த இடத்துல பின்னாடி வர்றதை கோ அரவுண்ட் சொல்லி, அதாவது இறங்காம திரும்ப மேல ஏறச் சொல்லி, விடறதுதான் வழி. 180-ஐ முன்கூட்டியே 160 ஆக்கச் சொல்லியிருந்தா இந்தப் பாடே இல்லை.

ரேடார் இடைவெளி பொதுவா 5 மைல். ரேடாரோட தரத்தைப் பொறுத்து 3 ஆகலாம். இறங்குற கடைசி 10 மைலுக்குள்ள, சில நிபந்தனையோட, 2.5 வரைக்கும் வரலாம். செங்குத்தா 1,000 அடி. இதெல்லாம் அப்புறம் பயிற்சியில தானா ஏறிடும், இப்ப உருப்போட வேண்டாம். அதுக்குப் பதிலா நம்ம ஆடிக் காத்தைப் பாருங்க. பாலக்காட்டுக் கணவாய் வழியா தென்மேற்குக் காத்து வீசுறப்ப, கோவையில ஃபிளைட் அதை எதிர்த்துத்தான் இறங்கும். 140 நாட்ல 3 மைலைக் கடக்க 77 விநாடி. எதிர்க்காத்து 25 நாட்னா 94 விநாடி. அதே 3 மைல்தான், நேரம் மட்டும் நீளுது. வெக்டார் பாடம் எனக்கு விளங்கினது இப்படித்தான்.

இன்னொரு இடத்துலயும் வழுக்குவாங்க. முன்னாடி போற விமானம் கிளப்பி விடற காத்துச் சுழலுக்காக, விமானங்களை எடையை வெச்சு வகை பிரிப்பாங்க. ஏர்பஸ் 320-க்குப் பின்னாடி ஏடிஆர்ங்கிற சின்ன புரொப்பெல்லர் விமானம் வந்தா, ஏடிஆர் 'லைட்' வகைன்னு நெனைச்சுக்குவாங்க. இல்லைங்க. 7 டன்னுக்கு மேல 136 டன்னுக்குள்ள இருந்தா 'மீடியம்', ரெண்டும் ஒரே வகைதான். அங்க தொல்லை கொடுக்கிறது வேக வித்தியாசம்.

இனி என் தப்பு. பயிற்சியில சிமுலேட்டர் திரையில 632, 623னு ரெண்டு கால்சைன் (ரேடியோவுல ஃபிளைட்டைக் கூப்பிடுற பேர்). 632-ஐ 4,000 அடிக்கு இறங்கச் சொன்னேன். "நாலாயிரம்"னு பதில் வந்துச்சு, அடுத்த ஃபிளைட்டுக்குப் போயிட்டேன். கொஞ்ச நேரத்துல திரையில 623 இறங்கிட்டிருக்கு. அதுக்குக் கீழ 5,000 அடியில இன்னொண்ணு. பயிற்றுநர் திரையை நிறுத்திட்டு, பதில் சொன்னது யாருன்னு கேட்டார். 632னு அடிச்சுச் சொன்னேன். ஒலிப்பதிவைப் போட்டார். ரீட்பேக்ல, அதாவது பைலட் நம்ம உத்தரவைத் திருப்பிச் சொன்னதுல, தெளிவா 623.

காது கேக்காம இல்லை. கேக்கணும்னு நெனைச்சதைக் கேட்டிருக்கேன். எங்கப்பா திண்ணையில அரைத்தூக்கத்துல இருந்தே, "மூணாவது நின்னுருச்சு, போய்ப் பாரு கண்ணு"ம்பார். ஏழு தறி இரைச்சலுக்குள்ள இல்லாத ஒரு சத்தம் அவருக்குக் கேக்கும். எனக்கு எதிர்ல இருந்த சத்தமே கேக்கலை.

நெசத்துலயும் இப்படி நடந்திருக்கு. 1991 பிப்ரவரி 1, லாஸ் ஏஞ்சலஸ். ஓடுபாதையில ஒரு சின்ன விமானத்தை நிறுத்தி வெச்ச கன்ட்ரோலர், வேற ஒரு விமானத்தோட ஸ்ட்ரிப்பை (அந்த விமானத்தோட விவரம் எழுதின சீட்டை) தேடுற பரபரப்புல அதை மறந்துட்டு, போயிங் 737-ஐ அதே பாதையில இறங்கச் சொல்லிட்டாங்க. ரெண்டும் மோதிடுச்சு. விசாரணை முக்கியக் காரணமாச் சொன்னது அந்த ஒரு ஆளோட மறதியை இல்லை. ஒருத்தர் மறந்தா இன்னொரு அரண் தடுக்கிற மாதிரி அங்க ஏற்பாடு இல்லைங்கிறதைத்தான். 2024 ஜனவரி 2, டோக்கியோ ஹனேடாவுல ரீட்பேக் சரியாவே இருந்துச்சு. ஆனாலும் கடலோரக் காவல் விமானம் ஓடுபாதைக்குள்ள ஏறி சுமார் 40 விநாடி நின்னுச்சு. இறங்கின ஏர்பஸ் அது மேல மோதிடுச்சு. ஏர்பஸ்ல இருந்த 379 பேரும் தப்பிச்சாங்க. சின்ன விமானத்துல 5 பேர் போயிட்டாங்க. இந்த விபத்துகளைப் படிக்கிறப்ப யார் மேல தப்புன்னு பார்க்காதீங்க. எந்த விநாடியில யார் எதை நெனைச்சுக்கிட்டிருந்தாங்கன்னு பாருங்க.

குரல் தேர்வுக்கு ஒரு வார்த்தை. தறி வீட்டுப் பிள்ளைங்க நமக்குக் கத்திப் பேசித்தான் பழக்கம். அங்க ஒரே சீரா, நிதானமாப் பேசணும். நான் தறிக் கொட்டாயில உக்காந்து, தம்பியை நாலு இலக்க நம்பரா வாசிக்கச் சொல்லுவேன். நான் திருப்பிச் சொல்லணும், அவன் மறுபடி சொல்லணும். நடுவுல எப்பவாவது ஒரு இலக்கத்தை வேணும்னே மாத்துவான். முதல் வாரம் பாதிக்குப் பாதி கோட்டை விட்டேன். இப்பவும் ஊருக்கு ஃபோன் பண்ணா, கேஸ் புக்கிங் நம்பரை அவன் ஒழுங்காச் சொன்னதே இல்லை.