ரிவர்ஸில் ஓடும் பட்டறை

பட்டறையில் ஒருவர் திருதிருவென்று முழிக்க, மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்களா? அங்கே ஏதோ ஒன்று திசைமாறிச் சுற்றுகிறது என்று பார்க்காமலே சொல்லிவிடலாம்.

முதலிடம் பேட்டரி டிரில்லுக்குத்தான். ஸ்க்ரூ கழற்றியவர் ரிவர்ஸிலேயே விட்டுவிட்டுப் போயிருப்பார். அடுத்து எடுப்பவர் பிட்டை மாட்டி அழுத்துவார், ஏறி உட்காராத குறையாக அழுத்துவார். புகை வரும், தகடு பளபளக்கும், ஓட்டை மட்டும் விழாது. "அண்ணே, டூப்ளிகேட் பிட்டுண்ணே இது!" வெட்டுகிற பிட்டில் உலோகச் சுருள் வரவேண்டும். சுருளைக் காணோம் என்றால் கை முதலில் டிரிகருக்கு மேலே இருக்கும் திசை மாற்றும் பட்டனைத் தடவ வேண்டும். மைல்டு ஸ்டீல் என்றால் சிரிப்போடு போயிற்று. ஸ்டெயின்லெஸ் என்றால் தேய்ந்த இடம் இறுகிவிடும். பிறகு நேராகச் சுற்றினாலும் வழுக்கும். கூரான புது பிட், குறைந்த வேகம், கட்டிங் ஆயில், விடாத அழுத்தம், இவை நாலும் சேர்ந்தால்தான் இறங்கும்.

அடுத்தது பெஞ்ச் கிரைண்டரின் இடப்பக்க நட். அது இடது மரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருகினால்தான் கழலும். கல் சுற்றுகிற சுற்றில் நட் தானே கழன்றுவிடக் கூடாது என்பதற்காக அப்படி. வலப்பக்கக் கல்லை மாற்றிய பழக்கத்தில் ஹெல்பர் இதையும் அதே பக்கம் திருகுவார். வராது. ஸ்பேனரில் பைப்பைச் செருகித் தொங்குவார். கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே இருப்பார்! மரை கழன்றது யாருக்கு என்று மற்றவர்கள் கேட்பார்கள். ஆனால் இப்படி நெரிபட்ட கல்லை நம்பக் கூடாது, உள்ளே விரிசல் விட்டிருக்கலாம். கழற்றித் தொங்கவிட்டு மரப்பிடியால் தட்டிப் பார்க்கவும். கணீரென்றால் சரி, சொத்தென்றால் குப்பைக்கு.

இரும்பு அறுக்கும் ஹாக்சா பிளேடின் பல் கைப்பிடிக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இதில் கில்லாடி, தூசி இழுக்கும் பிளோயர். மூன்று ஃபேஸ் மோட்டாரை ரிப்பேர் செய்து மாட்டும்போது இரண்டு ஒயர் இடம் மாறினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். சாதாரண ஃபேன் என்றால் தூசி முகத்தில் அடிக்கும், உடனே தெரிந்துவிடும். சென்ட்ரிஃபியூகல் பிளோயர், அதாவது காற்றை நடுவில் இழுத்து ஓரத்தில் வீசுகிற வகை, எதிர்ப்பக்கம் சுற்றினாலும் காற்றை அதே வழியில்தான் தள்ளும், என்ன, நோஞ்சானாகத் தள்ளும். அதனால் ஒருவருக்கும் சந்தேகம் வராது. ஃபில்டரைக் கழுவுவார்கள், டக்டைக் கழற்றுவார்கள், பெல்டை மாற்றுவார்கள். கடைசியில் யாரோ பழந்துணியால் பிளோயரின் உடம்பைத் துடைக்கும்போது தூசிக்கடியில் வார்ப்பில், சுற்ற வேண்டிய திசையைக் காட்டும் ஓர் அம்புக்குறி தெரியும். சப்ளையை நிறுத்தி, எந்த இரண்டு ஃபேஸை வேண்டுமானாலும் மாற்றிக்கொடுங்கள். இரண்டே நிமிட வேலை. டக்டைத் திரும்ப மாட்டத்தான் சாயங்காலம் ஆகும்.